பழைய கணினியோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, அவள் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, ஓசூருக்குக் குடிபோன பிறகு என் கைக்கு வந்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பட்டனை அழுத்திவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாலும் திரை விழித்திருக்காது. புதிதாக ஒன்றை வாங்கித் தர மாட்டார்கள் என்ற கோபத்தை வீட்டாரிடம் காட்ட முடியாமல், அந்தப் பெட்டியிடம் காட்டினேன். கோபத்தில் கடைக்குக் கடை தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆறு மாதத்தில் அதற்காக 6,240 ரூபாய் போயிற்று. பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், உண்மையில் தேவைப்பட்ட செலவு 2,940 ரூபாய். மீதி 3,300 ரூபாய் என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் கணினி இப்படித்தான் வருகிறது. அண்ணனுடையது தம்பிக்கு, ஓசூர் கம்பெனியில் கழித்தது தெரிந்தவருக்கு, பெங்களூரிலிருந்து மாமா பொங்கலுக்கு வரும்போது துணிப்பையில் சுற்றிக் கொண்டுவருவது. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால், கீழே உள்ள வரிசையில் செல்லுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். நான் மாற்றியதால்தான் அந்த 3,300.

1. முதல் வாரம் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். விரித்தால் இடப்பக்கம் குறைகள், வலப்பக்கம் அன்று கணினியில் முடிந்த வேலைகள். ஏழு நாள் எழுத வேண்டும்.

குறையை எழுதுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ‘ஸ்லோ’ என்று எழுதக் கூடாது. அது திட்டு, திட்டை வைத்து எந்தக் கடைக்காரரும் எதையும் சரிசெய்ய முடியாது. எண்ணாக எழுதுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து பயன்படுத்தும் நிலைக்கு வர எவ்வளவு நேரம், பிரவுசர் திறக்க எவ்வளவு நேரம், சார்ஜரைக் கழற்றினால் எத்தனை நிமிடம் நிற்கிறது, எந்த நேரத்தில் தானாக அணைகிறது. என் நோட்டில் இருந்தவை: தொடங்க 7 நிமிடம் 20 நொடி, பிரவுசர் 1 நிமிடம் 50 நொடி, பேட்டரி 11 நிமிடம், மதியம் இரண்டு மணிக்கு மேல் சூடாகி அணைகிறது, தேதி தவறாகக் காட்டுகிறது.

பின்னால் இந்த எண்களுக்குப் பெரிய பயன் உண்டு. தொடங்கும் நேரம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மினுங்கினால் குறை பெரும்பாலும் டிஸ்க்கில். தொடங்கியபின் நன்றாக ஓடி, நாலைந்து பக்கங்களைத் திறந்ததும் திணறினால் ரேம் போதவில்லை. சூடேறி அணைந்தால் ஃபேனில் தூசி. தேதி பின்னோக்கிப் போனால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. இது தெரியாமல் கடைக்குப் போனால், கடையில் எது இருப்பு இருக்கிறதோ அதுதான் உங்கள் கணினியின் நோய்.

வலப்பக்கத்தை ஏன் எழுதச் சொல்கிறேன்? முதலில் நானும் அதை வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு வருமானச் சான்று விண்ணப்பம். தம்பியின் பயோடேட்டா. சித்தப்பா ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிய தக்காளிக் கூடைகளின் கணக்கு. மூன்று பழைய வினாத்தாள். வாரக் கடைசியில் இடப்பக்கம் ஐந்து வரி, வலப்பக்கம் பதினான்கு வரி. அந்தப் பதினான்கு வேலைகளைச் செய்து கொடுத்ததைத்தான் ஒன்றுக்கும் உதவாத டப்பா என்று அக்காவிடமே போனில் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

2. காகிதங்கள்

உறவில் கைமாறி வந்தால் காகிதம் எதற்கு என்று தோன்றும். மூன்று விஷயங்களை மட்டும் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

முதலாவது, கணினியின் அடிப்பக்கத்தைப் போனில் தெளிவாகப் படம் பிடியுங்கள். மாடல் பெயர், சீரியல் எண், விண்டோஸ் 7 காலத்துக் கணினியானால் 25 எழுத்துகள் கொண்ட உரிமச் சாவி ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் அங்கேதான் இருக்கும். மடியில் தேய்ந்து தேய்ந்து அந்த ஸ்டிக்கர் அழிந்துவிடும். என்னுடையதில் கடைசி ஐந்து எழுத்துகளை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

இரண்டாவது, பழையதை விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், சீரியல் எண், தொகை, தேதி எழுதிய கையெழுத்திட்ட சீட்டும், அவருடைய அடையாள அட்டையின் ஜெராக்ஸும் வேண்டும். முதல் பில் இருந்தால் அதையும் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பஸ் நிலையத்துக்கு வெளியே பையிலிருந்து எடுத்துக் காட்டுபவர்களிடம் பேச்சே வேண்டாம்.

மூன்றாவது, அரசு முத்திரை உள்ள மடிக்கணினியை விலைக்கு வாங்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். மாணவர் படிப்புக்காக அரசு வழங்கியது அது. வீட்டுக்குள் அக்காவிடமிருந்து தங்கைக்கு வருவது வேறு, கடைக்குப் போவது வேறு.

3. திருப்புளியைத் தொடும் முன் நகல்

என் முதல் 500 ரூபாய் இங்கே போயிற்று. ஒரு கடையில் கொடுத்தேன்; பெயர் வேண்டாம். ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்றார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டெஸ்க்டாப்பில் இருந்த தம்பியின் சான்றிதழ் ஸ்கேன்கள் எதுவும் இல்லை. டி டிரைவில் இருந்தவை மட்டும் தப்பின. கடைக்காரர்மேல் முழுப் பழியையும் போட மனம் வரவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து மறுபடி மந்தமாகி, மறுபடி 500 கொடுத்து, மறுபடி ஃபார்மட். நோய் டிஸ்க்கில் இருக்கும்போது ஃபார்மட் போடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போல.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் பொதுவாக சி டிரைவில்தான் இருக்கும். இவற்றை 64 ஜிபி பென் டிரைவில் ஒருமுறையும், முக்கியமானவற்றை மின்னஞ்சலிலோ போனிலோ இன்னொரு முறையும் வையுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நோட்டில் எழுதிப் பூட்டி வைப்பதும் இதில் சேரும். பழைய கணினியில் யுஎஸ்பி துளை மெதுவாகத்தான் வேலை செய்யும். மாலையில் போட்டால் சாப்பிட்டு முடிக்கும்போது முடிந்திருக்கும்.

பென் டிரைவ் வாங்கும்போது ஒரு பொறி: 2 டிபி என்று எழுதி சில நூறு ரூபாய்க்கு விற்பவை போலி. முதல் சில ஜிபி வரை பதியும், அதற்குமேல் போட்ட கோப்புகள் பெயராக மட்டும் இருக்கும், திறக்காது.

4. காசில்லாமலும், ஐம்பது ரூபாயிலும் ஆகும் வைத்தியம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நானும் குதித்தேன். ஒரு தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பான இணைப்பு இல்லை என்ற சிவப்பு எச்சரிக்கை. போன் ஹாட்ஸ்பாட்டைத் திட்டினேன், சிம் கார்டைத் திட்டினேன், பிறகு கணினியை மூடி ஓங்கித் தட்டினேன். மணி பன்னிரண்டானது, விண்ணப்பிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து, தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு சின்னக் கடையில் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் திரையின் மூலையைக் காட்டிச் சிரித்தார். தேதி: 2012 ஜனவரி 1.

நடந்தது இதுதான். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2012-இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை. எனவே கதவைத் திறக்க மறுக்கிறது. அன்றிரவு தேதியைக் கையால் மாற்றியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அடி வாங்கியதும் அதுதான்.

அந்தத் தம்பி பேட்டரிக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டார், மாட்டியதற்குக் கூலி வேண்டாம் என்றார். டெஸ்க்டாப் கணினியில் நீங்களே மாற்றலாம். மடிக்கணினிகள் பலவற்றில் ஒயர் வைத்த பேட்டரியாக உள்ளே ஆழத்தில் இருக்கும். பிரிக்கப் பழக்கமில்லாதவர்கள் கடையிலேயே மாற்றுங்கள்.

அடுத்தது தூசி. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறை அருகே வீடு என்றால் சொல்லவே வேண்டாம், ஃபேனுக்குள் வெள்ளை மாவு அப்பியிருக்கும். பின்மூடியைக் கழற்றி, ஃபேன் இதழ் சுற்றாமல் தீக்குச்சியால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் காற்று ஊதியாலும் தட்டுங்கள். இதழைச் சுற்றவிட்டு வேகமாகக் காற்றடித்தால் அதன் பேரிங் கெட்டுவிடும். அதற்கு முன்பு சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பல வருடப் பழையதானால் பிராசஸர்மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும். கடையில் பேஸ்ட்டும் சுத்தமும் சேர்த்து எனக்கு 300 ரூபாய் ஆயிற்று. மதியம் அணைவது அன்றோடு நின்றது. மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள், காற்றுத் துளை அடைபடும். ஒரு பரீட்சை அட்டை போதும்.

பிறகு, தானாகத் தொடங்கும் நிரல்கள். விண்டோஸ் 10 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றைக் கண்டிப்பாக நீக்க வேண்டும். ஒன்றையொன்று சந்தேகப்பட்டே கணினியைத் தின்றுவிடும்.

5. செலவு செய்யும் வரிசை

நான்காம் படிக்குப் பிறகும் குறை இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் நீல நிறம் காட்டினால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் அன்றே நகல் எடுத்துவிட்டு நம்புவதை நிறுத்துங்கள். நலமாக இருந்தாலும் பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவானதுதான். மடிக்கணினியில் இருப்பவற்றில் பல நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஊசி நகர்ந்து இடம் தேட வேண்டும். எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க்கில் நகரும் பாகமே இல்லை. அதனால் முதல் செலவு எப்போதும் எஸ்எஸ்டி; ரேம் அதற்கு அடுத்துத்தான். 240 அல்லது 256 ஜிபி போதும், இரண்டரை அங்குல சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள். நான் வாங்கியபோது 1,650 ரூபாய். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, எனவே இரண்டு கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாட்டிய அன்று தொடங்கும் நேரம் 7 நிமிடம் 20 நொடியிலிருந்து 48 நொடிக்கு இறங்கியது. நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 இருக்கும். உள்ளே ஆடாமல் இருக்கக் கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரேமில்தான் எனக்குப் பெரிய அடி. டிடிஆர்3 என்று கேட்டேன், கொடுத்தார்கள், 900 ரூபாய். வீட்டில் மாட்டினால் கருந்திரையும் பீப் சத்தமும். என் கணினிக்குத் தேவை 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். அவர்கள் கொடுத்தது 1.5 வோல்ட் வகை. பில் வாங்கவில்லை என்பதால் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் ரேமைக் கழற்றி, கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். எத்தனை துளை இருக்கிறது, அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் மாடல் பெயரை வைத்து முன்பே பார்த்துவிடுங்கள். சரியான 4 ஜிபி, பழையது, 700 ரூபாய்க்குக் கிடைத்தது.

பேட்டரியைக் கடைசியில் வையுங்கள், அல்லது வாங்கவே வேண்டாம். நான் 1,400 ரூபாய்க்கு வாங்கிய டூப்ளிகேட் நான்கு மாதத்தில் உப்பிவிட்டது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது; கழற்றி, மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள். இப்போது சார்ஜரிலேயே ஓட்டுகிறேன். பவர் கட் ஆனால் அணைந்துவிடும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

எங்கே வாங்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரிலும் எஸ்எஸ்டி கிடைக்கிறது. பழைய ரேம், கீபோர்டு, கீல் போன்ற உதிரிகளுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு வசதி. காரிமங்கலத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து, எஸ்.பி. ரோட்டில் இறங்கிப் பார்த்தேன்: பெரும்பாலான ஷட்டர்கள் சாத்தியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை! போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிறு கூடுகிறது என்பதால் எல்லா வியாபாரமும் ஞாயிறு நடக்கும் என்று நினைத்தது என் கிராமத்து மூளை. ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ் கட்டணத்தை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை, வெட்கம்.

உள்ளூர்க் கடையில் நூறு, நூற்றைம்பது அதிகமானாலும் பில்லும் முகமும் இருக்கின்றன. எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு மூன்று வருட உத்தரவாதம் உண்டு. பில் இல்லாமல் அது வெறும் அட்டைப்பெட்டி. இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை 250 ரூபாய் யுஎஸ்பி உறையில் போட்டால் அதுவே நகல் வைக்கும் பெட்டி ஆகிவிடும்.

கூட்டிப் பாருங்கள்: 40, 300, 1,650, 700, 250. மொத்தம் 2,940.

6. எந்த இயங்குதளம்?

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. குரோம் பிரவுசரும் 2023 தொடக்கத்திலிருந்து அதற்குப் புதிய பதிப்பு தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் நம்மிடம் உள்ள பழைய பெட்டிகளில் இருக்காது. ‘ஆக்டிவேஷன் இலவசம்’ என்று சொல்லிக் கடையில் போட்டுத் தருவது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்பது போட்டவருக்கே தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அது வேண்டாம்.

நான் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறினேன். குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 ஜிபி இருந்தால் வசதி. பணம் எதுவும் இல்லை.

முதலில் பிராசஸர் 64 பிட் வகையா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் 32 பிட் என்று காட்டினாலும் பிராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். பிராசஸர் பெயரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே 32 பிட் என்றால் மின்ட் ஏறாது; ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான ஒன்றைப் பாருங்கள்.

தரவிறக்கம் ஏறக்குறைய 3 ஜிபி. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் நடுவில் நின்றுவிடும். பைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டுக்கு ஒரு மாலை போய்விடுங்கள், எட்சர் அல்லது ரூஃபஸ் நிரலால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி எடுத்து வாருங்கள். பென் டிரைவில் இருந்தது முழுவதும் அழியும். கணினியைப் போட்டவுடன் எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலீட் இவற்றில் உங்கள் மாடலுக்குப் பொருந்தும் விசையை அழுத்துங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

உடனே நிறுவிவிடாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று ஒரு மணி நேரம் சோதியுங்கள். டேலி கணக்கு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்ற விண்டோஸை நம்பியிருக்கும் வேலை உங்களுக்கு உண்டு என்றால் விண்டோஸை அழிக்க வேண்டாம். எல்லாம் சரியென்றால் நிறுவ எஸ்எஸ்டியில் அரை மணி நேரம். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற தேர்வில் கை வைக்கும் முன் மூன்றாம் படியை முடித்தீர்களா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

7. தமிழ்

நிறுவியதும் ஐபஸ் என்ற தட்டச்சு வசதியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு; இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும். பழைய அலுவலகக் கோப்புகள் வானவில் அவ்வையார் எழுத்துருவில் இருந்தால் யூனிகோடு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதாகப் பயப்படாமல் எழுத்துரு மாற்றியில் போடுங்கள். அதியமான் ஊர்க்காரர்களை ஔவை இப்படி ஒருமுறை மிரட்டிப் பார்ப்பாள்.

8. அன்றாடம்

ஒரு நேரத்தில் ஒரு வேலை. இதற்குமேல் பெரிய ரகசியம் இல்லை. விண்ணப்பம் நிரப்பும்போது யூடியூப் வேண்டாம், பாட்டைப் போனில் கேளுங்கள். பிரவுசரில் நான்கு பக்கங்களுக்குமேல் திறக்காதீர்கள்.

விண்ணப்ப வேலைக்குத் தனியாகச் சில சொற்கள். கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். வேகமான கணினிக்காரர்களுக்கும் அந்த இரவில் தளம் திணறும். புகைப்படம், கையெழுத்து இரண்டையும் அறிவிக்கையில் கேட்ட கிலோபைட் அளவுக்கு முன்பே சுருக்கி ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். அந்தப் பயனர் பெயரைப் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பாமல் நோட்டில் எழுதுங்கள். வருமானம், சாதிச் சான்றுகளை இ-சேவை தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அங்கே வரும் ஓடிபியை அது காலாவதியாகும் முன் வேகமாகத் தட்டச் சொல்வார்கள் என்பதால், எல்லா ஆவணங்களையும் ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஸ்கேனர் தேவையில்லை, போன் போதும்.

9. கொடுத்தவருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

இதைக் கடைசியில் போட்டதற்குக் காரணம், வேலைகள் முடிந்தபிறகுதான் இது புரியும். செலவு ஏதுமில்லை, பஸ் டிக்கெட் மட்டும்.

உறையில் போட்ட பழைய ஹார்ட் டிஸ்க்கின் டி டிரைவைத் துழாவியபோது, அக்காவின் கல்லூரிப் படங்களும் புராஜெக்ட் அறிக்கையின் ஒன்பது பிரதிகளும் கிடைத்தன. இறுதி, இறுதி2, உண்மையான இறுதி என்று பெயர். அந்தக் கணினியில்தான் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள், அதற்கப்புறமும் சார்ஜர் ஒயரை முடிச்சு விழாமல் சுற்றி, பையின் ஜிப்பில் மெழுகு தேய்த்து எனக்கு எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கூடவே கணினியையும் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போனேன். போனில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை. நோட்டைக் கொடுத்தேன். வலப்பக்கங்களை மட்டும் புரட்டிப் படித்தாள். பிறகு 48 நொடியைத் தன் போனில் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தாள். 51 வந்தது, அதற்கும் சண்டை போட்டாள்.

நீங்களும் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: அவருடைய பழைய கோப்புகள், முடிந்த வேலைகளின் பட்டியல், கணினி. அவருடைய கணக்குகள் ஏதேனும் பிரவுசரில் திறந்தே இருந்தால் அவர் எதிரிலேயே வெளியேறிவிடுங்கள். பழுது பார்த்த கடைக்காரருக்கும் ஒன்று உண்டு: கூலியில் பேரம் பேசாதீர்கள். அந்த நான்கு ரோடு தம்பியிடம் இதுவரை ஆறு பேரை அனுப்பியிருக்கிறேன். பேட்டரி மாற்றியதற்கு இன்னும் கூலி வாங்க மறுக்கிறார். மாம்பழக் காலத்தில் ஒரு பை கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

என் நோட்டின் இடப்பக்கத்தில் இப்போது இரண்டு வரி மிச்சம். வலது ஸ்பீக்கர் கரகரக்கிறது. ‘ட’ விசையைக் கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் எங்காவது ஒரு ‘ட’ விட்டுப்போயிருந்தால் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.